தெளிவை நாடி வந்தோர் கலக்கிய ஏரி

நீர்நிலையைக் கண்டதும் மனிதன் மனம் நெகிழ்கின்றது. உழைத்துக் களைத்தவன் ஆற்றங்கரையில் அமர்ந்து இளைப்பாறுகின்றான். நகரத்து இரைச்சலில் நொந்தவன் மலைநாட்டு வாவியை நாடிச் செல்கின்றான். விடுமுறை வந்ததும் பிள்ளைகள் கேட்கும் முதற் கேள்வி, "எங்கே குளிக்கப் போகின்றோம்?" என்பதே. இஃது இயல்பான ஆசை. யாரும் குற்றம் கூறத்தக்கதன்று.

ஏரியும் ஆறும் மாசடைகின்றன என்று கேள்விப்பட்டால், நம் எண்ணம் உடனே ஆலைகளை நோக்கிச் செல்கின்றது. கரும்புகை கக்கும் புகைபோக்கியும், கழிவுநீர் பாயும் குழாயும் கண்முன் தோன்றுகின்றன. அவற்றால் விளையும் கேடு பெரிது என்பதில் ஐயமில்லை. ஆயினும், கேடு செய்யும் எண்ணம் அணுவளவுமின்றி, நீரின் அழகிலே உள்ளம் பறிகொடுத்து வருபவர்களாலேயே நீர் கெடுவதும் உண்டு. இந்தக் கேட்டில் இன்னார் குற்றவாளி என்று விரல் நீட்ட முடியாது. ஆகையினாலேதான் இதனைத் தடுப்பதும் அரிதாகின்றது.

இவ்வுண்மையை விளக்குவதற்கு, அமெரிக்க ஐக்கிய நாடுகளிலுள்ள தாஹோ ஏரியைக் காட்டிலும் பொருத்தமான எடுத்துக்காட்டு கிடைப்பது கடினம். அந்த ஏரியின் தெளிவை விஞ்ஞானிகள் 1968 ஆம் ஆண்டு முதல் இடைவிடாது அளந்து வந்திருக்கின்றனர். நோயாளியின் உடற்சூட்டை மருத்துவர் நாள்தோறும் குறித்து வைப்பதுபோல, அவ்வேரியின் நலிவும் தேறுதலும் கணக்கில் ஏறியிருக்கின்றன. அக்கணக்கைப் படிப்பது நமக்கும் பயன் தரும்.

மலைகளிடையே ஒரு நீலமணி

கலிபோர்ணியா, நெவாடா என்னும் இரு மாநிலங்களின் எல்லையில், சியரா நெவாடா மலைத்தொடரின் நடுவே, கடல்மட்டத்திலிருந்து 6,200 அடிக்கு மேலான உயரத்தில் தாஹோ ஏரி அமைந்துள்ளது. நமது நுவரெலியாவும் ஏறக்குறைய அதே உயரத்தில் இருப்பது நினைவிற்கொள்ளத் தக்கது. ஏரியின் நீளம் 22 மைல். அகலம் 12 மைல். மிக ஆழமான இடத்தில் ஆழம் 1,645 அடி. அறுபதுக்கு மேற்பட்ட ஓடைகள் அதனுட் பாய்கின்றன. வெளியே செல்வதோ டிரக்கி என்னும் ஓர் ஆறு மட்டுமே.

இவ்வமைப்பின் பொருளைச் சற்றுச் சிந்தித்தல் வேண்டும். வாசல் பலவும் வெளிவழி ஒன்றுமாக உள்ள அந்த ஏரியில், உட்புகுந்த நீர்த்துளி வெளியேறுவதற்குச் சராசரியாக 650 ஆண்டுகள் செல்லும் என்று கணக்கிட்டிருக்கின்றார்கள். ஓடும் ஆறு தன்மேல் விழுந்த அழுக்கைக் கடலுக்குக் கொண்டுபோய்விடும். இந்த ஏரி அவ்வாறன்று. நேற்று விழுந்ததையும், தாத்தா காலத்தில் விழுந்ததையும் அது தன் மடியிலேயே வைத்துக்கொண்டிருக்கும்.

பன்னெடுங் காலமாக அந்த ஏரிக்கரையில் கோடைதோறும் வந்து தங்கி மீன்பிடித்து வாழ்ந்தவர்கள் வாஷோ என்னும் பழங்குடி மக்கள். தாஹோ என்னும் பெயரும் அவர்கள் மொழியில் ஏரியைக் குறிக்கும் சொல்லின் திரிபேயாகும். 1861 ஆம் ஆண்டில் அங்கு வந்த எழுத்தாளர் மார்க் துவைன், நீரின் தெளிவைக் கண்டு வியந்தார். படகிலிருந்து குனிந்து பார்க்கையில் அடியிலுள்ள கற்களெல்லாம் துலங்கித் தோன்றியமையால், நீர்மேல் மிதப்பதாகவன்றி வானத்தில் பறப்பதாகவே தமக்குத் தோன்றியது என்னும் கருத்துப்பட அவர் பின்னாளில் எழுதினார். அதே நூலில் மற்றொரு செய்தியையும் அவர் மறைக்காது கூறுகின்றார். இரவு உணவு சமைப்பதற்காக அவர் மூட்டிய தீ கைமீறிப் பரவி, மலைச்சரிவின் காட்டையே எரித்தது! அழகை நாடி வந்த விருந்தினரின் முதற்பரிசு காட்டுத்தீயாக அமைந்தது.

கோடரி போயிற்று, ஏரி தேறிற்று

1859 இல் நெவாடாப் பகுதியில் வெள்ளிச் சுரங்கங்கள் கண்டுபிடிக்கப்பட்டன. சுரங்கங்களைத் தாங்கி நிற்க மரம் வேண்டியிருந்தது. தாஹோவைச் சுற்றியிருந்த பெருங்காடுகளில் பெரும்பகுதி அடுத்த சில பத்தாண்டுகளுக்குள் வெட்டி வீழ்த்தப்பட்டது. மழை பெய்யுந்தோறும் மொட்டையாய் நின்ற மலைகளின் மண் ஏரியிற் கரைந்தோடியது. அந்நாளிற் கண்டவர்கள், ஏரியின் வாழ்வு முடிந்தது என்றே எண்ணியிருப்பர்.

ஆயினும், வெள்ளி தீர்ந்ததும் வெட்டுவோர் நீங்கினர். காடு மீண்டும் முளைத்தது. ஏரியின் அடியிற் படிந்துள்ள சேற்றைத் தோண்டி ஆராய்ந்தவர்கள் ஒரு வியப்பான செய்தியைக் கண்டனர். மரம் வெட்டிய காலத்துச் சேற்றுப்படை தடித்துக் காணப்படுகின்றது. அதற்கு மேலே, இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில், ஏரி மீண்டும் பழைய நிலையை அணுகித் தேறியிருக்கின்றது. கோடரிக்குத் தாக்குப்பிடித்த அந்த ஏரி, இன்பப் பயணத்துக்குத் தாக்குப்பிடிக்கத் திணறியதேன்? வெள்ளியைத் தேடி வந்தவர்கள் ஒருநாள் போய்விட்டார்கள். அழகைத் தேடி வந்தவர்கள் போகவில்லை. ஆண்டுக்கு ஆண்டு அவர்கள் தொகை பெருகிற்று. புண் ஆறுவதற்கு வேண்டிய ஓய்வு ஏரிக்குக் கிடைக்கவேயில்லை.

பாதிரியாரின் வெண்தட்டு

நீரின் தெளிவை எவ்வாறு அளப்பது? இதற்கு மிக எளிய கருவியொன்று உண்டு. 1865 இல் இத்தாலியைச் சேர்ந்த அஞ்சலோ செக்கி என்னும் இயேசு சபைக் குருவானவர், பாப்பரசரின் கப்பலிலிருந்து மத்தியதரைக் கடலில் வெண்ணிறத் தட்டுகளைக் கயிற்றிற் கட்டி இறக்கிப் பார்த்தார். தட்டு கண்ணுக்கு மறையும் ஆழமே தெளிவின் அளவு. வான்நூலில் பெரும்புகழ் பெற்ற அவருடைய பெயர், நட்சத்திரங்களோடு இந்த வெண்தட்டிலும் நிலைத்துவிட்டது. இன்றும் உலகெங்கும் அது செக்கித் தட்டு என்றே வழங்குகின்றது.

கலிபோர்ணியா சர்வகலாசாலையின் டேவிஸ் பிரிவைச் சேர்ந்த பேராசிரியர் சார்ள்ஸ் கோல்ட்மனும் அவருடைய துணைவர்களும் தாஹோவில் அத்தட்டை முறையாக இறக்கி அளக்கத் தொடங்கினர். 1968 இல் ஆண்டுச் சராசரி 102 அடி. அதாவது, பனைமரத்தினும் உயர்ந்த நீர்ப்படைக்கு அப்பாலும் ஒரு தட்டு கண்ணுக்குத் தெரிந்தது! 1997 இல் அது 64 அடியாகக் குறைந்திருந்தது. அந்த ஆண்டில் அமெரிக்கச் சனாதிபதி கிளின்ரன் நேரில் அங்கு வந்து, ஏரியைக் காப்பதற்கான மாநாட்டைக் கூட்ட நேர்ந்தது. 2017 இல் அளவு 60 அடிக்கு இறங்கிற்று.

விடுமுறை நகரம்

102 அடி 60 அடியானது எங்ஙனம்? 1960 இல் குளிர்கால ஒலிம்பிக் விளையாட்டுகள் ஏரிக்கு அண்மையிலுள்ள பள்ளத்தாக்கொன்றில் நடைபெற்றன. தொலைக்காட்சியில் அவ்விடத்தைக் கண்ட மக்கள் அங்கு செல்லப் பெருவிருப்பங் கொண்டனர். தெருக்கள் அகலமாயின, விடுதிகள் எழுந்தன, பனிச்சறுக்கு மேடைகள் மலையை வெட்டி அமைக்கப்பட்டன. கோடையில் படகோட்டவும் குளிர்காலத்தில் பனியிற் சறுக்கவும் மக்கள் வந்து குவிந்தனர்.

இவற்றுள் ஒரு செயல் தனியே குறிப்பிடத் தக்கது. ஏரியின் தென்கரையில், ஆறு வந்து கலக்கும் இடத்தில், பரந்த சதுப்புநிலம் இருந்தது. கோரையும் புல்லும் அடர்ந்த அந்நிலம் ஆற்று நீரை மெல்ல நடக்கச் செய்து, மண்ணைத் தன்னிற் படியவிட்டு, தெளிந்த நீரையே ஏரிக்கு அனுப்பிவந்தது. இல்லத்தரசி அரிதட்டில் மாவை அரிப்பதுபோன்ற வேலை அது. 1960களில் அச்சதுப்பின் பெரும்பகுதியைத் தோண்டிக் கால்வாய்களாக்கி, கால்வாய்க் கரைதோறும் விடுமுறை வீடுகள் கட்டினார்கள். ஒவ்வொரு வீட்டு வாசலிலும் ஒரு படகு நிற்கவேண்டும் என்பதே நோக்கம். அது கைகூடிற்று, அரிதட்டு உடைந்தது.

தெளிவைக் கெடுத்தவை இரண்டு என விஞ்ஞானிகள் கூறுகின்றனர். ஒன்று, மிக நுண்ணிய மண்தூள். தெருவிலே ஓடும் மோட்டார் வண்டிகளின் சில்லுகளில் அரைபட்டு, தலைமயிரின் பருமனிற் சிறுபங்கேயாகத் தேய்ந்த இத்தூள், மழைநீரோடு ஏரியிற் புகுந்து அடியிற் படியாது ஆண்டுக்கணக்கில் மிதக்கின்றது, ஒளியைச் சிதறடிக்கின்றது. மற்றையது பாசி. நைதரசன், பொசுபரசு ஆகிய உரச்சத்துகள் நீரிற் சேரச்சேர, கண்ணுக்குப் புலனாகாத பாசியுயிர்கள் பெருகி நீலத்தைப் பச்சையாக்குகின்றன. இந்த ஆபத்தை நல்ல வேளையாக முன்னரே உணர்ந்து, கழிவுநீர் முழுவதையும் குழாய்வழியே மலைக்கு அப்பாற் கொண்டுசெல்லும் ஏற்பாட்டை 1970களிலேயே செய்து முடித்தார்கள். அது செய்யப்படாதிருந்தால், இன்று அளப்பதற்குத் தெளிவு என்று ஒன்று எஞ்சியிருக்குமோ என்பது ஐயமே.

படகின் இயந்திரம்

அடுத்து, படகுகளைப் பற்றிக் கூறவேண்டும். பழைய வகைச் சிறு இயந்திரங்களில் எரிபொருள் உள்ளே வருவதும் புகை வெளியே போவதும் ஒரே அசைவில் நிகழும். இவற்றை ஈரடி இயந்திரம் என்பர். வாசலில் வருவோரும் போவோரும் முட்டிக்கொள்வதுபோல, உள்ளே வந்த பெற்றோலில் நான்கிலொரு பங்களவு எரியாமலே புகையோடு வெளியேறி நீரிற் கலந்துவிடும். நான்கு போத்தல் பெற்றோல் வாங்கி, ஒரு போத்தலை ஏரியிற் கவிழ்த்துவிட்டு மூன்றில் ஓடுவது போன்றது இது. நீரின்மேல் துள்ளிப் பாயும் விளையாட்டு வண்டிகளும் அக்காலத்திற் பெரும்பாலும் இத்தகைய இயந்திரங் கொண்டவையே.

இங்கே ஏரியின் நற்குணமே அதற்குப் பகையாயிற்று. எரிபொருட் புகையிலுள்ள சில இரசாயனங்கள் சூரியனின் ஊதாக்கடந்த கதிர் பட்டவுடன் பன்மடங்கு நஞ்சாகின்றன. கலங்கிய நீரில் அக்கதிர் உள்நுழையாது. தாஹோவின் தெளிந்த நீரிலோ ஆழம்வரை நுழையும். ஆகவே மீன்குஞ்சுகளும் நுண்ணுயிர்களும் அங்கே கூடுதலாகத் துன்புற்றன.

1999 ஆம் ஆண்டு யூன் மாதம் தொடக்கம் பழைய வகை ஈரடி இயந்திரங்கள் தாஹோவில் ஓடக்கூடாது என்று விதிக்கப்பட்டது. படகுக்காரர் எதிர்ப்புத் தெரிவித்தனர். சுற்றுலாத் தொழில் அழிந்துவிடும் என்றனர். தொழில் அழியவில்லை, இயந்திரங்களே மாறின. நீரிலிருந்த எரிபொருட் கலப்பு விரைந்து குறைந்தது. அன்றியும், கரையிலிருந்து 600 அடிக்குள் படகுகள் மணிக்கு 5 மைலுக்கு மேல் செல்லலாகாது என்ற விதியும் அங்கு உண்டு. விரைந்து செல்லும் படகு எழுப்பும் அலை கரையை அரித்து, படிந்த சேற்றை மீண்டும் எழுப்புமாதலின் இவ்விதி இன்றியமையாததாயிற்று.

மீன்பிடிப்போருக்கு ஒரு விருந்து

தூண்டிலிட்டு மீன்பிடிப்பது சாந்தமான பொழுதுபோக்கு, சத்தமில்லை, புகையில்லை. அதனாலும் ஓர் ஏரி நிலைகுலையக் கூடுமா? தாஹோவின் வரலாறு கூடும் என்றே சொல்கின்றது.

அவ்வேரியின் சொந்த மீன், லஹொண்டன் வெட்டுத்தொண்டை டிரவுட் என்பது. கழுத்தடியில் வெட்டுக்காயம்போலச் செந்நிறக் கோடு இருப்பதால் அப்பெயர் பெற்றது. அளவின்றிப் பிடித்தமையாலும், முட்டையிடும் ஓடைகள் தூர்ந்தமையாலும், பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் வெளியிலிருந்து கொணர்ந்துவிட்ட பெரிய ஏரி டிரவுட் மீன்களாலும் அது நலிந்து, 1940 அளவில் ஏரியிலிருந்து மறைந்தொழிந்தது.

பின்னர், கொணர்ந்த மீன்களைக் கொழுக்கவைத்துத் தூண்டிற்காரரை மகிழ்விக்கவேண்டும் என்று அதிகாரிகள் எண்ணினர். 1963 முதல் 1965 வரையில் மைசிஸ் என்னும் கூனி இறாலை ஏரியில் விட்டனர். மீன்கள் இறாலைத் தின்னும் என்பது அவர்கள் கணக்கு. ஆனால் அக்கூனி இறால் பகலில் இருண்ட ஆழத்துக்கு இறங்கிவிடும். இரவில் மட்டும் மேலே வரும். கண்ணாற் பார்த்து இரைதேடும் மீன்கள் பலவற்றுக்கு அது அகப்படவில்லை. மேலே வந்தபோதெல்லாம் அது தின்றதோ, ஏரியின் நீர்த்தெள்ளு எனப்படும் சிற்றுயிர்களை. நீர்த்தெள்ளுதான் பாசியையும் நுண்தூளையும் உண்டு ஏரியைத் துப்புரவு செய்துவந்த தொழிலாளி. 1970களின் தொடக்கத்தில் அது ஏறத்தாழ அற்றுப்போயிற்று. மீன்கள் கொழுக்கவுமில்லை, ஏரி தெளியவுமில்லை.

இக்கதைக்கு அண்மையில் ஒரு தொடர்ச்சி உண்டு. 2021 அளவில், தெளிவாக அறியப்படாத காரணத்தால், கூனி இறாலின் தொகை திடீரென வீழ்ந்தது. நீர்த்தெள்ளு மீண்டும் தலைகாட்டிப் பெருகியது. 2022 ஆம் ஆண்டின் கடைசி ஐந்து மாதங்களில் வெண்தட்டு 80 அடிவரை தெரிந்தது. 1980களுக்குப் பின் காணாத தெளிவு அது! ஒரு சிற்றுயிரைப் புகுத்தியதால் இழந்தது எவ்வளவு என்பதை அந்த ஐந்து மாதங்கள் உலகிற்கு எடுத்துக்காட்டின. அத்தேறுதல் நிலைக்கவில்லை, 2024 இல் ஆண்டுச் சராசரி 62 அடியாக மீண்டும் இறங்கிவிட்டது.

அழையா விருந்தாளிகள்

அதிகாரிகள் அறிந்தே விட்ட உயிர்கள் ஒருபுறமிருக்க, யாரும் அறியாமல் வந்து சேரும் உயிர்களும் உள. உக்ரேயின் நாட்டு ஆற்றுப் பகுதியைத் தாயகமாகக் கொண்ட குவாகா மட்டி, கப்பல்களின் அடித்தொட்டி நீரில் ஒளிந்து 1980களின் இறுதியில் அமெரிக்காவின் பேரேரிகளை அடைந்தது. அங்கிருந்து இரண்டாயிரம் மைல்களுக்கு இடையேயுள்ள பாலைவனத்தையும் மலையையும் தாண்டி, 2007 சனவரியில் நெவாடாவிலுள்ள மீட் என்னும் பெருநீர்த்தேக்கத்திற் காணப்பட்டது. மட்டிக்குக் கால் இல்லை, சிறகும் இல்லை. மோட்டார் வண்டியின் பின்னே கட்டி இழுத்துவந்த விடுமுறைப் படகொன்றே அதற்கு வாகனமாயிற்று என்று கருதப்படுகின்றது. குழாய்களை அடைத்து, கரைகளைக் கூரிய ஓட்டினால் மூடி, மற்றைய உயிர்களின் உணவை உறிஞ்சிக்கொள்ளும் இம்மட்டி, ஓரிடத்திற் குடியேறிவிட்டால் வெளியேற்றுவது ஏறக்குறைய இயலாத காரியம்.

செய்தி கேட்ட தாஹோ மக்கள் விழித்துக்கொண்டனர். 2008 முதல் ஏரிக்கு வரும் இயந்திரப் படகு ஒவ்வொன்றும் சோதிக்கப்படுகின்றது. அடியில் ஒரு கரண்டி நீர் தேங்கியிருந்தாலும் படகைக் கொதிநீராற் கழுவியே உள்ளே விடுகின்றனர். கழுவுக, வடிக்க, உலர்த்துக என்னும் மூன்று சொற்களே அங்கு படகோட்டியின் நித்திய பாடம். 2024 ஆம் ஆண்டின் முடிவுவரையில் குவாகா மட்டி அங்கு கால்கொள்ளவில்லை. விழிப்பாயிருந்தால் காக்க முடியும் என்பதற்கு இது நற்சான்று.

எனினும், எல்லாவற்றையும் தடுக்க முடிந்ததில்லை. ஆசியச் சிப்பி 2002 இலேயே வந்துவிட்டது. முன்னே கூறிய கால்வாய் வீடுகளின் வாசலில் அந்நிய நீர்க்களை அடர்ந்து வளர்ந்துள்ளது. படகின் சுழலி அதனைத் துண்டாக்குந்தோறும், ஒவ்வொரு துண்டும் மிதந்துசென்று புதிய இடத்தில் வேர்விடுகின்றது. சதுப்பை அழித்துப் பெற்ற கால்வாயில் படகு ஓட்டுவதே இன்று பாடாயிருக்கின்றது.

ஒரு நாளின் எச்சம்

குப்பையைப் பற்றியும் இரு வார்த்தை கூறவேண்டும். 2021, 2022 ஆம் ஆண்டுகளில் தொண்டர்களான சுழியோடிகள் ஏரியின் 72 மைல் கரையோரம் முழுவதையும் நீருக்கடியில் துழாவி, 25,000 இறாத்தலுக்கு மேற்பட்ட குப்பையை மேலே கொணர்ந்தனர். 2023 யூலை 4 ஆம் நாள் அமெரிக்கச் சுதந்திர தினம். மறுநாட் காலையில் ஏரிக்கரையின் சில இடங்களில் மட்டும் தொண்டர்கள் பொறுக்கியெடுத்த குப்பை 8,000 இறாத்தலுக்கு மேல்! அன்று வந்தவர்கள் யாவரும் அந்த ஏரியின் அழகைப் புகழ்ந்து படம் பிடித்துக்கொண்டு சென்றவர்களே. ஏரியை வெறுத்தவர் ஒருவரும் அவர்களுள் இலர்.

இங்கேதான் இவ்விடயத்தின் முடிச்சு உள்ளது. "நான் ஒருவன் விட்ட சிறு பையால் என்ன ஆகிவிடும்?" என்று ஒருவன் கேட்டால், அவன் கூற்றில் உண்மையுண்டு, ஒன்றும் ஆகிவிடாது. "என் ஒரு படகின் புகையால் ஏரி கெட்டுவிடுமா?" என்றால், கெடாதுதான். ஆனால் அதே கேள்வியைப் பல இலட்சம் பேர் கேட்கின்றார்கள். சிறுதுளி பெருவெள்ளம் என்பது சேமிப்புக்கு மட்டும் உரிய பழமொழியன்று, சேதத்துக்கும் உரியதே.

நம் வாவிகளும் ஆறுகளும்

இது தூரதேசத்துக் கதையென்று தள்ளிவிடுதல் தகாது. நம் நாட்டிலும் மேற்சொன்ன ஒவ்வொன்றுக்கும் இணை உண்டு.

நுவரெலியாவின் கிரகரி வாவி, ஆளுநர் வில்லியம் கிரகரியின் காலத்தில் 1873 இல் ஆக்கப்பட்டது. சித்திரை மாதத்து வசந்த காலத்தில் அதன் கரையிற் கூடும் சனத்திரளையும், நீரில் ஓடும் படகுகளையும் நம்மிற் பலர் கண்டிருக்கின்றோம். அதற்கும் சுற்றியுள்ள நகரத்தின் நீரெல்லாம் வந்து சேருகின்றது. தாஹோவைப்போல் ஆயிரத்தறுநூறு அடி ஆழம் அதற்கில்லை. பேராழமுள்ள ஏரியே தாங்காத பாரத்தை, ஆழங்குறைந்த வாவி எங்ஙனம் தாங்கும்?

தூண்டில் விளையாட்டுக்காக டிரவுட் மீனைக் கொணர்ந்தமை நம் மலைநாட்டிலும் நிகழ்ந்தது. 1880களில் ஆங்கிலத் தோட்டத்துரைமார் நுவரெலியா, ஹோட்டன் சமவெளிப் பகுதி ஓடைகளில் அதனை விட்டனர். உலகில் வேறெங்குங் காணப்படாத நன்னீர்ச் சிற்றிறால் ஒன்று ஹோட்டன் சமவெளியின் பெலிஹுல் ஓயாவில் வாழ்கின்றது என்பதை அவர்கள் அறிந்திருக்க நியாயமில்லை. இன்றோ நாம் அறிவோம்.

2025 இல் தெதுறு ஓயா நீர்த்தேக்கத்து மீனவர் ஒரு முறைப்பாட்டைக் கிளப்பினர். நம் குளங்களில் உள்ள விரால் நமக்குப் பழகிய மீன். ஆனால் அங்கே பெருகியிருந்ததோ தாய்லாந்து, இந்தோனேசியா முதலிய நாடுகளுக்குரிய பெருவிரால். மூன்றடிக்கு மேல் வளர்ந்து, கண்ட மீனையெல்லாம் விழுங்குவது. அழகுக்கு வளர்க்கக் கொணர்ந்த மீன்களோடு அது வந்திருக்கலாம் என்று கருதப்படுகின்றது. கண்ணாடித் தொட்டியில் வளர்த்த மீன் பெரிதாகிவிட்டால், கொல்ல மனம் வராது ஆற்றில் விடுவது இரக்கமெனத் தோன்றலாம். அவ்விரக்கம் ஆற்றிலுள்ள ஆயிரம் மீன்களுக்கு இரக்கமின்மையாய் முடியும். வலைவீசிப் பிழைக்கும் குடும்பங்களின் அடுப்பிலும் கைவைக்கும்.

பலப்பிட்டியில் உள்ள மாது கங்கை, கண்டற் காடுகளும் சிறு தீவுகளும் நிறைந்தது. 2003 இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக ராம்சார் பட்டியலிற் சேர்க்கப்பட்டது. அங்கு படகிற் சென்று கண்டல் வேர்களின் குகையினுள்ளே நுழைந்து வருவது இனிய அனுபவம். படகோட்டியிடம், "மெதுவாகப் போங்கள், ஐயா, எங்களுக்கு அவசரமில்லை" என்று ஒரு வார்த்தை சொல்வதால் நமக்கு நட்டமில்லை. வேகம் குறைந்தால் அலை குறையும். அலை குறைந்தால் வேரடி மண் நிலைக்கும். கூட்டிலிருக்கும் பறவையும் கலைந்து பறவாது. விரைந்து சென்றவன் காணாத காட்சிகளையும் நாம் காண்போம்.

ஆற்றிற் குளிக்கச் செல்லும் குடும்பங்கள் சவர்க்காரத்தையும் தலைக்கு வைக்கும் நுரைமருந்தையும் வீட்டிலே வைத்துவிட்டுச் செல்லுதல் நன்று. ஆற்றில் முழுகி எழுவதே இன்பம். அழுக்குப் போக்க வீட்டுக் கிணறு இருக்கின்றது. சோற்றுப் பொதி சுற்றும் பொலித்தீன் தாளுக்கு 2017 செப்தெம்பர் முதல் நம் நாட்டிலே தடை உண்டு; ஆயினும் தடை கரைக்கு வந்து குப்பை பொறுக்காது. வாழையிலையிற் கட்டிச் சென்றால் சோறும் மணக்கும், இலையும் மண்ணோடு மண்ணாகும். கொண்டுசென்ற போத்தலைத் திரும்பக் கொண்டுவர ஒரு சாக்குப் பை போதும். ஹோட்டன் சமவெளியின் வாயிலில் காவலர் பைகளைச் சோதித்துப் பொலித்தீனை அகற்றுவதைச் சிலர் தொல்லையெனக் கருதுவர். தாஹோவில் படகைக் கொதிநீராற் கழுவும் காவலனுக்கும் இவருக்கும் வேற்றுமையில்லை என்பதை எண்ணினால், நன்றியே தோன்றும்.

மாணவர்க்கு ஒரு வேலை

தாஹோவின் கதை நமக்குக் கற்பிக்கும் பாடங்களுள் தலையாயது, அளத்தலின் அருமையே. கோல்ட்மனும் துணைவர்களும் தட்டை இறக்கி அளந்திராவிட்டால், "ஏரி முன்போல்தான் இருக்கின்றது" என்றே எல்லோரும் சாதித்திருப்பர். தந்தை கண்ட நீலத்தை மகன் கண்டதில்லை. மகன் கண்ட மங்கலே பேரனுக்கு இயல்பான நிறமாகும். நினைவு ஏமாற்றும், குறிப்பேடு ஏமாற்றாது.

இக்கருவியைச் செய்வதற்குப் பெருஞ்செலவு இல்லை. உணவுத் தட்டத்தின் அளவுள்ள பழைய தகர மூடியொன்றை எடுத்து, இருபுறமும் வெள்ளை வர்ணம் பூசுக. நடுவே துளையிட்டு, கீழே ஒரு கல்லைப் பாரமாகக் கட்டுக. கயிற்றிலே அரையடிக்கு ஒரு முடிச்சு இடுக. ஆசிரியரோ பெற்றோரோ உடன்வர, பாலத்திலிருந்தோ படகிலிருந்தோ, நண்பகல் வேளையில் மெல்ல இறக்கித் தட்டு மறையும் முடிச்சை எண்ணுக. மாதந்தோறும் அதே நாளில், அதே இடத்தில் அளந்து, மழையையும் விழாக்கூட்டத்தையும் பக்கத்திலே குறித்து வைக்குக.

நம் வரண்ட நாட்டுக் குளங்கள் இயல்பாகவே ஆழமற்றவை, பாசி நிறைந்தவை. நூறடித் தெளிவை அங்கே எதிர்பார்த்தல் பேதைமை. முடிச்சு மூன்றோ நான்கோ மட்டும் தெரிந்தாலும் கவலையில்லை. இவ்வாண்டு நான்காயிருந்தது வருமாண்டு மூன்றானால், ஏன் என்று கேட்பதற்கு ஊரிலே ஒருவர் இருக்கவேண்டும் என்பதே வேண்டுவது. அக்கேள்வி முதலில் ஒரு பாடசாலை மாணவரின் குறிப்பேட்டிலிருந்து எழுமாயின், அந்தக் குளம் காவலற்ற குளமன்று.